எனக்கு வர வேண்டிய திட்டு

என் மாமியார் என்னை ஒரு நாளும் திட்டியதில்லை. இதைச் சொன்னால் பெங்களூர் நீலசந்திராவில் என் அம்மா வீட்டுத் தெருப் பெண்கள் எல்லாம் வாயைப் பிளப்பார்கள். "கொடுத்து வெச்சவடி நீ. எங்க மாமியாருங்கள ஒரு நாள் வந்து பாரு" என்பார்கள். எனக்கோ பற்றிக்கொண்டு வரும். திட்டத் தெரியாத மாமியார் என்றாலும் பரவாயில்லை. இவர் வாயைத் திறந்தால் சந்தாபுரா சர்க்கிளில் ஆள் சேரட்டும் என்று நிற்கிற பஸ்கூடப் பயந்து கிளம்பிவிடும். இரண்டு மகன்களையும் திட்டுவார், மகளைத் திட்டுவார், மூத்த மருமகளைத் திட்டுவார், கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவரைத் திட்டுவார். என் வயிற்றில் பிறந்த மகளைக்கூட, பல் தேய்க்கவில்லை, பால் குடிக்கவில்லை என்று தினம் காலையில் வெளுத்து வாங்குவார். எல்லாம் கச்சியில். என் பக்கம் திரும்பினால் மட்டும் முகம் மாறிவிடும், குரல் இறங்கிவிடும், ஹிந்தி வந்துவிடும். "ரெஹ்னே தோ பேட்டா." விடும்மா, பரவாயில்லை. பால் பொங்கி அடுப்பு மேடை முழுக்க வழிந்தாலும் எனக்கு ரெஹ்னே தோ பேட்டாதான்.

கச்சி என்பது குஜராத்தின் மேற்கு ஓரத்தில், கட்ச் என்கிற வறண்ட சீமையின் பேச்சு. குஜராத்தி வேறு, இது வேறு. சிந்தி பாஷைக்குத்தான் கிட்டத்துச் சொந்தம். பள்ளிக்கூடத்தில் சொல்லித் தர மாட்டார்கள். எழுத வேண்டி வந்தால் குஜராத்தி எழுத்தில் எழுதுவார்கள், பெரும்பாலும் எழுதுவதே இல்லை, பேசுவதோடு சரி. பெங்களூரில் பிளைவுட் கடைக்கோ டைல்ஸ் கடைக்கோ போயிருப்பீர்கள். கல்லாவில் இருப்பவர் உங்களிடம் கன்னடத்திலோ தமிழிலோ சிரித்துப் பேசிக்கொண்டே, பக்கத்தில் நிற்கும் தம்பியிடம் சட்டென்று வேறொன்றில் ஏதோ சொல்வார். நீங்கள் மார்வாடி பாஷை என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்திருப்பீர்கள். பாதி நேரம் அது கச்சியாக இருந்திருக்கும்.

நானும் அப்படித்தான் அதை முதலில் கேட்டேன். என் அப்பா கார்பெண்டர். வீடுகளுக்குக் கிச்சன், வார்ட்ரோப் செய்து கொடுப்பவர். பலகை மேல் ஒட்டுகிற மைக்கா ஷீட் எடுக்கப் போகும்போது கலர் பார்க்க என்னைக் கூட்டிப் போவார், அவருக்குப் பச்சையும் நீலமும் குழம்பும். அந்தக் கடையில் அண்ணன் தம்பி இரண்டு பேர். தம்பிக்காரன் நான் கேட்காத கலரையெல்லாம் எடுத்து விரித்துக் காட்டுவான். அவன் தமிழ், கார்பெண்டர்களிடமே கற்றுக்கொண்ட தமிழ். "இந்த மைக்கா சூப்பரா இருக்கும்மா, வூட்டுக்குப் போய் யோசி" என்று நீலசந்திராக்காரனே தோற்றுப்போகும்படி பேசுவான். நான் வீட்டுக்குப் போய் யோசித்தேன். கல்யாணம் ஆகிவிட்டது.

அவர்கள் வீட்டில் பெரிய சத்தம் எழவில்லை. என் வீட்டில்தான் எழுந்தது. அப்பா இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் கேட்டார்: "இன்னாமா, அவுங்க வூட்ல பேசறது உனக்கு ஒரு வார்த்த புரியுமா? நாலு பேரு ஒக்காந்து உன்னப் பத்தியே பேசினாக்கூடத் தெரியாதே."

"கத்துக்கறேன்பா, அதுல என்ன இருக்கு" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

வந்தால் கற்றுக்கொடுக்க ஆளில்லை. விருந்துக்கு வருகிற சொந்தக்காரர் ஒவ்வொருவரும் "கீ ஆயோ?" என்று கேட்பார்கள். எப்படி இருக்கீங்க என்று அர்த்தம். நான் பதில் சொன்னதும் ஆஹா என்று ஒரு சிரிப்பு, உடனே ஹிந்திக்குத் தாவிவிடுவார்கள். கச்சி கற்றுக்கொடுங்கள் என்று கேட்டால், அது எதுக்கு, குஜராத்தி கத்துக்கோ, அதிலே டிவி இருக்கு, புத்தகம் இருக்கு என்பார்கள். ஒரு முறை சாப்பாட்டு மேசையில் துணிந்து ஒரு முழு வாக்கியத்தைக் கச்சியில் சொல்லிப் பார்த்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். மழலை பேசுகிற குழந்தைக்குத் தட்டுவார்களே, அந்தத் தட்டு. மாமியார் ஹிந்தியில், "பஹுத் அச்சா பேட்டா" என்று மெச்சினார். எனக்குத் தட்டோடு எழுந்து போய்விடலாம் போலிருந்தது. அதோடு வாயை மூடினேன்.

வாயைத்தான் மூடினேன், காதை மூடவில்லை. மாமியாரை நான் மம்மி என்றுதான் கூப்பிடுவேன். மம்மி காலையில் கம்பு ரொட்டியான ரோட்லா தட்டும்போது மகளுக்கு ஸ்பீக்கரில் போன் போடுவார். அந்த மகள், அதாவது என் நாத்தனார், பெங்களூரிலேயே இன்னொரு கச்சி வீட்டில் வாழ்க்கைப்பட்டு டைல்ஸ் ஷோரூம் நடத்துகிறவர். மாவு தட்டுகிற சத்தத்தோடு சேர்ந்து அரை மணி நேரம் திட்டு நடக்கும். நான் பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டு ஒரு சொல் விடாமல் வாங்கிப் போட்டுக்கொள்வேன். இப்படிக் கற்றதில் ஒரு கோளாறு. எனக்குக் கச்சியில் வாழ்த்தத் தெரியாது, வழி கேட்கத் தெரியாது, காய்கறி வாங்கத் தெரியாது. திட்டு மட்டும் தண்ணீர்பட்ட பாடு. பால் பொங்கினால் என்ன திட்டு, விளக்கை அணைக்காமல் போனால் என்ன திட்டு, குளித்துவிட்டு ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால் என்ன திட்டு, எல்லாம் மம்மியின் ஏற்ற இறக்கத்தோடு எனக்கு மனப்பாடம். யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

"உங்கம்மா என்னைத் திட்டச் சொல்லு" என்று என் கணவரிடமே சண்டை போட்டிருக்கிறேன். எங்களுக்குள் நீ, வா, போதான். மைக்கா பார்த்த காலத்துப் பழக்கம், மாற்றிக்கொள்ள முடியவில்லை.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "உனக்கு இன்னா லூசா? அவனவன் திட்டு வாங்காம இருக்க கோயில் கோயிலாப் போறான்."

"விருந்தாளியத்தான் திட்ட மாட்டாங்க. நான் என்ன உங்க வீட்டுக்கு விருந்தாளியா? எப்போ திரும்பிப் போவேன்னு பாக்கறாங்களா?"

அவருக்கு அது புரியவில்லை. புரிகிற மாதிரி சொல்ல எனக்கும் வரவில்லை. ஆனால் உள்ளே அது முள்ளாகக் குத்திக்கொண்டேதான் இருந்தது. என் மகளைத் திட்டுகிறார், என்னைத் திட்டவில்லை என்றால் நான் யார் அந்த வீட்டில்?

ஆனி மாதத்தில், பூரியில் தேர் ஓடுகிற அதே நாள் கச்சிக்காரர்களுக்கு வருஷப் பிறப்பு. ஆஷாடி பீஜ் என்பார்கள். மழைக்கு ஏங்கிய ஊர்க்காரர்கள், அதனால் மழை பிடிக்கிற காலத்தில்தான் அவர்களுக்கு வருஷம் பிறக்கும். அதையொட்டி வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் சமூகத்து ஆட்கள் எல்லோரும் ஊருக்கு வெளியே இருக்கிற தங்கள் மண்டபத்தில் கூடுவார்கள். சாப்பாடு, ஆட்டம், பாட்டு எல்லாம் உண்டு. ஆனால் எல்லோரும் காத்திருப்பது ஒன்றுக்குத்தான். மண்டபத்துக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் பெண்கள் கிரிக்கெட். மகள்கள் ஒரு பக்கம், மருமகள்கள் ஒரு பக்கம். இந்த வீடுகளில் பிறந்த பெண்கள், கல்யாணமாகிப் போனவர்கள் உட்பட, மகள்கள் அணி. வந்து சேர்ந்தவர்கள் மருமகள்கள் அணி. மகள்கள்தான் எப்போதும் ஜெயிப்பார்கள். பெங்களூரில் பிறந்து தெருவில் பையன்களோடு ஆடி வளர்ந்தவர்கள். மருமகள்களில் பாதிப் பேர் மட்டையைப் பூரிக்கட்டை மாதிரி பிடிப்பார்கள்.

நான் எங்கே இருப்பேன்? மோர் டிரம்முக்குப் பக்கத்தில். வருஷா வருஷம் எனக்கு மோர் ஊற்றுகிற வேலை. யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை, யாரும் வா என்றும் சொல்லவில்லை.

போன வருஷம் புதிதாக ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். மைக் பிடித்து வர்ணனை செய்கிற ஒரு பெரியவர் உண்டு. மர மில் வைத்திருந்து ஓய்வெடுத்துக்கொண்டவர், எல்லோருக்கும் காகா, அதாவது சித்தப்பா. பிள்ளைகள் கச்சியில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறார்கள், பெரியவர்களே வீட்டுக்குள் குஜராத்திக்கு மாறிவிட்டார்கள் என்று அவருக்கு ஆற்றாமை. மைக்கைத் தட்டிவிட்டு அறிவித்தார்: "இன்னைக்கு மைதானத்துக்குள்ள கச்சி மட்டும்தான். வேற எந்த பாஷை வாயிலேர்ந்து வந்தாலும் எதிர் அணிக்கு ஒரு ரன். குஜராத்தி வந்தாலும் ஒரு ரன். பால், ரன், அவுட், இந்த மாதிரி ஆட்டத்து வார்த்தைக்கு மட்டும் மன்னிப்பு."

கூட்டம் சிரித்தது. மகள்கள் அணித் தலைவி என் நாத்தனார். "எங்களுக்கென்ன, எங்க தாய்ப்பாஷைதானே" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

மருமகள்கள் அணித் தலைவி என் ஓரகத்தி, எங்கள் வீட்டு மூத்த மருமகள். கட்ச்சிலேயே பிறந்து வளர்ந்தவர். நான் அவரைப் பாபி என்பேன். ஆட்டம் தொடங்கப் போகிற நேரத்தில் அவர் அணியில் ஒருவர் படியில் கால் பிசகி உட்கார்ந்துவிட்டார். ஆள் குறைகிறது. பாபி சுற்றுமுற்றும் பார்த்தார். நாத்தனார் அந்தப் பக்கத்திலிருந்து, "அதோ மோர்க்காரி இருக்காளே, கூப்பிட்டுக்கோ. எங்களுக்கும் நாலு ரன் சும்மா கிடைக்கும்" என்று கிண்டல் அடித்தார்.

பாபி வேறு வழியில்லாமல் வந்தார். ஹிந்தியில்தான் சொன்னார். "வா. ஆனா ஒண்ணு. வாயைத் திறக்கக் கூடாது. பந்து வந்தா எடுத்துப் போடு. மத்தபடி உன் வாய்க்குப் பூட்டு."

எனக்கு. பூட்டு. கரண்டியை மோர் டிரம்முக்குள் போட்ட வேகத்தில் பக்கத்தில் நின்றவர்கள் மேலெல்லாம் மோர் தெறித்தது. துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு இறங்கினேன்.

மகள்கள் முதலில் பேட் செய்தார்கள். சிணுங்கல் மழை, ஈரமான பந்து. நான் எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில், துப்பட்டாவின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றேன். ஏனென்றால் எனக்கு என்னைத் தெரியும். பந்து தப்பினால் என் வாயிலிருந்து என்ன வரும், எந்த ஊர் வசை வரும் என்று எனக்கே உத்தரவாதம் கிடையாது. என் மகள் முன்வரிசையில் மம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, ஷட் அப், ஷட் அப்" என்று சைகை காட்டிக்கொண்டிருந்தாள்.

சட்டம் யாரைக் கடிக்கும் என்று நினைத்தார்களோ அவர்களைக் கடிக்கவில்லை. முதல் பந்து மட்டையில் படாமல் போனதுமே மகள்கள் பக்கத்திலிருந்து கோரஸாக "அய்யோ!" என்று ஒரு அலறல். காகா மைக்கில், "மருமகள்களுக்கு ஒரு ரன்" என்றார். மகள்கள் சண்டைக்கு வந்தார்கள். அய்யோ என்பது எல்லாப் பாஷைக்கும் பொது, எங்க வீட்டிலும் அதைத்தானே சொல்கிறோம் என்றார் நாத்தனார். காகா அசரவில்லை. "கட்ச்சுக்குப் போய் நடுத்தெருவில நின்னு அய்யோன்னு கத்து. ஒருத்தனாவது திரும்பிப் பார்த்தா ரன்னைத் திருப்பித் தர்றேன்." இந்தப் பெண்களெல்லாம் பெங்களூரில் பிறந்து வளர்ந்தவர்கள். யோசித்துப் பேசினால் கச்சி வரும். யோசிக்காமல் கத்தினால் அய்யோதான் வரும். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, இந்த ஊர்த் தண்ணீர் அப்படி.

நான் பேசாமல்தான் இருந்தேன். அந்தக் கேட்ச் வரும்வரை.

நாத்தனார் அடித்த பந்து. நேராக மேலே போய், நேராகக் கீழே இறங்கியது. கீழே நிற்பவர் பாபி. வாயைப் பூட்டிக்கொள் என்று எனக்குப் புத்தி சொன்ன அதே பாபி. பந்து அவர் இரண்டு கைக்கும் நடுவில் விழுந்து, தரையில் உருண்டு, சாவகாசமாக என்னிடம் வந்து சேர்ந்தது.

துப்பட்டா பல்லிலிருந்து நழுவியது. என் வாய் திறந்தது. போச்சு, தமிழ் வரப் போகிறது என்று என் கணவர் கண்ணை மூடிக்கொண்டாராம்.

வந்தது மம்மி. "குரோ?" என்று ஒரு இழுப்பு. என்ன என்று அர்த்தம், ஆனால் மம்மி சொல்லும்போது தொலைந்தாய் என்று அர்த்தம். அதற்குப் பின்னால் முழுத் திட்டும் கச்சியில் தானாக உருண்டு வந்தது. இந்தக் கை என்ன வாடகைக்கு எடுத்த கையா? திங்கும்போது மட்டும் சரியா வாய்க்குப் போகுதே, அப்போ தவறுதா? பொங்கின பால் தானா பாத்திரத்துக்குள்ள திரும்பிப் போகுமா? நின்னு பாத்துக்கிட்டு நிக்கறியே, அடுப்பை யாரு அணைக்கறது, உங்க அப்பனா?

பாபி டிராக் பேண்ட் போட்டு, தொப்பி வைத்து நின்றார். என் குரல் கேட்டதும் அவர் கை தானாகத் தலைக்குப் போய், இல்லாத முந்தானையை இழுத்து முக்காடு போடப் பார்த்தது. மாமியார்தான் பின்னால் நிற்கிறார் என்று நினைத்துவிட்டார்!

மைதானமே சிரிப்பில் வெடித்தது. பெரியவர்கள் நாற்காலியைத் தட்டினார்கள். காகாவுக்கு மைக்கைப் பிடிக்க முடியவில்லை, சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. என்னிடம் இருந்ததோ திட்டு மட்டும்தான், எல்லாவற்றுக்கும் அதையே எடுத்து விட்டேன். மெதுவாக ஓடினவளுக்கு ஈரத் துண்டுத் திட்டு. நன்றாகப் பந்து போட்டு விக்கெட் எடுத்த புது மருமகளைப் பாராட்ட வார்த்தை தெரியாமல், அவளுக்குக் கேஸ் சிலிண்டர்த் திட்டைக் கொடுத்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மகள்கள் சிரிப்பை அடக்க முடியாமல், "அய்யோ, மாமியார் மாதிரியே!" என்றார்கள். காகா அதற்கும் ரன் போட்டார்.

அப்போதுதான் நான் மம்மியைப் பார்த்தேன். முன்வரிசையில், சேலைத் தலைப்பால் வாயை மூடியபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள். அவர் கண் மட்டும் தெரிந்தது. சிரிக்கிறாரா, கொதிக்கிறாரா, ஒன்றும் புரியவில்லை. அடிப்பாவி, ஊரைக் கூட்டி வைத்து மாமியாரையே நடித்துக் காட்டிவிட்டாயே என்று என்னை நானே சபித்துக்கொண்டேன். என் அம்மாவை யாராவது இப்படிச் செய்திருந்தால் நான் விட்டிருப்பேனா?

நடு இடைவேளையில் மம்மி எழுந்து வந்தார். நான் இல்லாத மோர் டிரம்மில் அவரே மோர் ஊற்றி எல்லோருக்கும் கொடுத்தார். பாபியிடம் கச்சியில் ஏதோ கடிந்துகொண்டார். நாத்தனார் தலையில் கச்சியில் ஒரு குட்டு. என்னிடம் வந்தார். டம்ளரை நீட்டினார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதே இறங்கின குரல்.

"சாஸ் லோ பேட்டா."

மோர் எடுத்துக்கோம்மா. ஹிந்தியில். எனக்கு வந்தது அழுகையா கோபமா என்று தெரியவில்லை. இத்தனைக்கும் பிறகும் ஹிந்தியா? கோபித்துக்கொள்ளக்கூட என்னிடம் கச்சி கிடையாதா? மோரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, டம்ளரை நங்கென்று வைத்துவிட்டு வந்தேன்.

எங்கள் அணி பேட் செய்தபோது நான் கடைசி ஆள். அதுவரை போகாது என்று நினைத்தேன். போய்விட்டது. பாபி ஒரு பக்கம் நின்று ஆடிக்கொண்டிருந்தார், மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து போனார்கள். மகள்களின் அய்யோ ரன்கள்தான் எங்களைத் தூக்கி வந்தன. கடைசியில் ஒரே ஒரு பந்து, இரண்டு ரன் வேண்டும், மட்டையோடு நான் நிற்கிறேன். மழை கொஞ்சம் வலுத்தது. யாரும் நகரவில்லை.

நான் கிரிக்கெட் தெரியாதவள் இல்லை. நீலசந்திரா சந்துகளில் சாக்கடை தாண்டி அடித்தால் நாலு, மாடிக்குப் போனால் அவுட் என்று ஆடியவள். பந்து வந்தது. இருந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து ஒரு இழுப்பு இழுத்தேன். பந்து நாத்தனார் நிற்கிற பக்கமாகத் தரையோடு போனது. ஓடினேன். ஒரு ரன். திரும்பினேன். பாபி அந்தப் பக்கத்திலிருந்து, வா, வா என்று கச்சியில் கத்துகிறார். பாதி வழியில் கால் சேற்றில் வழுக்கி, முட்டி தரையில் தேய, மட்டையை நீட்டியபடி விழுந்தேன். மட்டை கோட்டைத் தொடுவதற்குள் ஸ்டம்ப் பறந்தது. அவுட்.

மகள்கள் குதித்தார்கள். ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். நான் சேற்றில் குப்புறக் கிடந்தேன். இரண்டு அணிக்கும் ஒரே ரன், ஆட்டம் சமம், இதிலும் அரைகுறையா என்று கிடந்தேன்.

மைக் கரகரத்தது. "கொஞ்சம் நில்லுங்க" என்றார் காகா. "பந்தை யார் எடுத்துப் போட்டது?"

"நான்தான்" என்றார் நாத்தனார், பெருமையாக.

"போடும்போது கத்தினது?"

நாத்தனார் முகம் மாறியது. பந்தை அவர் எடுத்ததும் விக்கெட் கீப்பர் ஸ்டம்பை விட்டு விலகி நின்றிருக்கிறாள். வீசிக்கொண்டே அவளைப் பார்த்து அவர் கத்தியது மைதானம் முழுக்கக் கேட்டிருக்கிறது. ஷோரூமில் லாரியிலிருந்து டைல்ஸ் இறக்குகிறவர்களிடம் காலையிலிருந்து சாயங்காலம் வரை கத்துகிறவர். அவசரத்தில் அவருக்கு எது வரும்?

"அய்யோ, ஈ கடெ பாரே, பேகா!"

அய்யோ, இந்தப் பக்கம் வாடி, சீக்கிரம். சுத்தமான பெங்களூர்க் கன்னடம்.

"மருமகள்களுக்கு ஒரு ரன்" என்றார் காகா. "மருமகள்கள் ஜெயிச்சாச்சு!"

என் வாழ்நாளில் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. பாபி மட்டையை வீசிவிட்டு ஓடி வந்து என் மேலேயே விழுந்தார். புது மருமகள் விசில் அடித்தாள். கால் பிசகி உட்கார்ந்திருந்தவர் ஒற்றைக் காலில் குதித்தார். மகள்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டு, "அய்யோ, என் வாயே" என்று மறுபடியும் அதையே சொன்னார். என்னைத் தூக்கி நிறுத்தினார்கள். ஜெயித்துவிட்டோம், முதல் தடவையாக ஜெயித்துவிட்டோம், நான் போட்ட திட்டிலும் நான் விழுந்த விழுகையிலும் ஜெயித்துவிட்டோம் என்று எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் கண் மம்மியைத் தேடியது.

மம்மி வந்துகொண்டிருந்தார். குடை பிடிக்கவில்லை. முக்காடு நழுவியதைக்கூடக் கவனிக்காமல், சேற்றில் செருப்பு மாட்டிக்கொள்ள அதையும் விட்டுவிட்டு, விறுவிறுவென்று என்னை நோக்கி வந்தார். கூட்டம் வழி விட்டது. எனக்கு முன்னால் வந்து நின்று, கிழிந்த சுடிதாரைப் பார்த்தார். முட்டியில் வழிகிற ரத்தத்தைப் பார்த்தார்.

"குரோ?"

என் காதையே நம்ப முடியவில்லை. அப்புறம் தொடங்கியது பாருங்கள். எல்லாம் கச்சியில், மூச்சு விடாமல்.

"இது விழுற வயசா? கண்ணு என்ன பின்மண்டையிலயா இருக்கு? ஒரு ரன்னுக்காக எலும்பை ஒடச்சுக்குவாளா ஒருத்தி? உங்கப்பன் வந்து என் பொண்ணு முட்டி என்னாச்சுன்னு கேட்டா நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் பேசுவேன்? அதுவும் போகட்டும், கேட்ச் விட்டவளுக்குப் பால் திட்டைத் திட்டுவாளா யாராவது? அது பாலுக்குத் திட்டறது! சிலிண்டருக்குத் திட்டறதை எடுத்து நல்லா பந்து போட்டவளுக்குக் கொடுக்கறே! அரைகுறை! இத்தனை வருஷமா எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு வாயில லட்டா வெச்சிருந்தே? உனக்குப் புரியாது, தமிழ்ப் பொண்ணு மனசு நோகும்னு ஹிந்தி பேசிப் பேசி என் நாக்கு தேஞ்சுபோச்சு! எனக்கு ஹிந்தி வரவே வராது, தெரியுமா உனக்கு? ஒவ்வொரு வார்த்தையும் உள்ளே கோர்த்துக் கோர்த்து எடுத்து உன்கிட்ட பேசினேன், கல்நெஞ்சுக்காரி!"

திட்டிக்கொண்டே தன் சேலைத் தலைப்பால் என் முட்டியை அழுத்தித் துடைத்தார். எரிச்சலில் உயிர் போனது. எனக்குக் கண்ணீர் வழிந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டையும் அடக்கத் தெரியாமல் சேற்றோடு நின்றேன்.

என் கணவர் ஓடி வந்தார். அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் கையை நீட்டி, பதறிப் போய்த் தமிழில் சொன்னார்: "நீ அழாதே, வுடு வுடு, மம்மி ஏதோ டென்ஷன்ல... நான் பேசறேன், நீ போ அந்தப் பக்கம்."

அவர் கையைத் தட்டிவிட்டேன்.

"நீ குறுக்க வராதே" என்றேன். "இது எனக்கு வர்ற திட்டு."